‘வேண்டுமானால்’ என்பதன் விலை

மென்பொருள் ஆவணங்களில் அடிக்கடி தட்டுப்படும் ஒரு வாக்கியம் உண்டு: ‘நிலைப் பகுப்பாய்வு வசதியும் சேர்க்கப்பட்டுள்ளது, வேண்டுமானால் இயக்கிக்கொள்ளலாம்.’ யாரையும் நோகடிக்காத வாக்கியம். பிழைகளைப் பற்றிக் கவலைப்படுபவருக்குக் கருவி கிடைத்துவிட்டது. அவசரத்தில் இருப்பவருக்கு விடுதலை கிடைத்துவிட்டது. முடிவெடுக்க வேண்டியவருக்கோ எதையும் முடிவு செய்யாமலே கூட்டத்தைக் கலைத்த நிம்மதி. இந்தக் கட்டுரை அந்த ‘வேண்டுமானால்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு எதிரானது. நடுநிலை போலத் தோற்றம் தரும் அச்சொல், நடைமுறையில் ‘வேண்டாம்’ என்பதன் நாகரிகமான வடிவம் என்பதே என் தரப்பு.

கணினித் துறைக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். நிரலாளர் எழுதுவது மூல நிரல். அதை இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். நூற்றுக்கணக்கான, சில சமயம் பல்லாயிரக்கணக்கான கோப்புகளை உரிய வரிசையில் கம்பைலரிடம் கொடுத்து, வெளிவருபவற்றைக் கோத்து, ஓடக்கூடிய ஒரு மென்பொருளாக ஆக்கித் தரும் ஏற்பாட்டைப் பில்ட் என்கிறார்கள். அச்சகத்து மொழியில் சொன்னால், கையெழுத்துப் பிரதியில் தொடங்கித் தைத்து அட்டை போட்ட புத்தகம் வரையிலான மொத்த வேலை. இதில் மெய்ப்புப் பார்ப்பதற்கு நிகரானது நிலைப் பகுப்பாய்வு. நிரலை ஓடவிடாமல், எழுதப்பட்ட வடிவத்தை மட்டும் படித்து, ‘இங்கே பிழை இருக்கலாம்’ என்று சுட்டும் இன்னொரு நிரல் அது.

‘வேலை கொடு’ என்றால் பணி கேட்பது. ‘வேலைக் கொடு’ என்றால் முருகன் கையில் இருப்பதைக் கேட்பது. ஒற்று ஐயத்துக்குரியதாக இருக்கும் இடத்தை மெய்ப்புப் பார்ப்பவர் சுட்டலாம். எதைக் கேட்க நினைத்தார் என்பதை எழுதியவர்தான் சொல்ல முடியும். நிலைப் பகுப்பாய்வின் பலமும் எல்லையும் இவ்வளவே. எழுத்தைப் படித்து எண்ணத்தை ஊகிக்கிறது. சில சமயம் ஊகம் தவறுகிறது. தவறும் என்பதைக் காரணம் காட்டித்தான் அதை ‘வேண்டுமானால்’ என்ற திண்ணையில் உட்கார வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் அழைப்பதில்லை.

*

இந்தத் திண்ணை எப்போது கட்டப்பட்டது என்று பார்க்கலாம்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1976இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ‘மேக்’ என்ற கருவியை எழுதினார். பிற்காலத்துப் பில்ட் ஏற்பாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அது முன்னோடி. அதன் பிறப்புக் கதையை ஃபெல்ட்மனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சக ஆய்வாளரான ஸ்டீஃபன் ஜான்சன் ஒருநாள் விதியைச் சபித்துக்கொண்டே அவருடைய அறைக்குள் வந்தார். சரியாக இருந்த ஒரு நிரலில் பிழை தேடி ஒரு காலைப்பொழுதை இழந்திருந்தார். பிழையை ஏற்கெனவே திருத்தியாயிற்று. திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்யத்தான் தவறிவிட்டது. ஃபெல்ட்மனுக்கும் அதற்கு முந்தைய மாலையில் இதே கதிதான். அந்தப் பேச்சிலிருந்து மேக் பிறந்தது. எந்தக் கோப்பு எந்தக் கோப்பைச் சார்ந்தது என்று ஒருமுறை எழுதிவைத்துவிட்டால், மாறியவை எவை, மறுபடி செய்ய வேண்டியவை எவை என்பதை இயந்திரமே கணக்கிட்டுக்கொள்ளும்.

ஆக, பில்ட் ஏற்பாட்டின் அடிப்படை ஒரே ஒரு அவநம்பிக்கை: மனிதன் மறந்துவிடுவான். சோம்பேறி என்பதனால் அல்ல, முட்டாள் என்பதனாலும் அல்ல. அவன் கவனம் வேறெங்கோ இருக்கும். ஆகவே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய வேலையை அவனிடம் தராதே.

இதே ஜான்சன்தான் 1978இல் ‘லின்ட்’ எழுதினார். துணியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பஞ்சுத் துணுக்குக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் அது. சி மொழி நிரல்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஐயத்துக்குரிய துணுக்குகளைப் பொறுக்கி எடுத்துக் காட்டும் கருவி. பின்னால் வந்த நிலைப் பகுப்பாய்வுக் கருவிகள் பலவற்றுக்கும் அதன் பெயரே பொதுப்பெயராக நிலைத்துவிட்டது. கம்பைலரிலிருந்து லின்ட் ஏன் தனியாக நிற்கிறது என்பதற்கு ஜான்சன் தன் அறிக்கையில் காரணம் சொல்கிறார். கம்பைலரின் வேலை நிரலை விரைவாக இயங்கும் வடிவுக்குக் கொண்டுவருவது. ஆற அமர முழு நிரலையும் பார்த்து, கோப்புக்குக் கோப்பு பொருந்துகிறதா என்று சோதிப்பது லின்ட்டின் வேலை.

அந்தக் காலத்துக்கு அது நியாயமான ஏற்பாடு. யூனிக்ஸ் வளர்ந்த பிடிபி-11 கணினியின் முகவரி 16 பிட் அளவு. ஒரு நிரல் ஒரே நேரத்தில் எட்டக்கூடிய நினைவகம் 64 கிலோபைட் என்ற கணக்கில் இருந்தது. அந்தச் சிறு அறைக்குள் கம்பைலர் நுழைவதே பெரும்பாடு. மெய்ப்புப் பார்ப்பவருக்கும் நாற்காலி போட இடமில்லை. வெளியே உட்கார வைத்தார்கள்.

அதற்குப் பிறகு வீடு பலமுறை இடித்துப் பெரிதாகக் கட்டப்பட்டுவிட்டது. திண்ணை மட்டும் அப்படியே இருக்கிறது. மேக்கின் வழிவந்த சிமேக் 2016இல் வெளிவந்த 3.6 பதிப்பில் ‘கிளாங்-டைடி’ என்ற பகுப்பாய்வுக் கருவியைப் பில்டோடு சேர்த்து ஓட்டும் வசதியைத் தந்தது. நல்ல வசதி. ஆனால் அதற்கான மாறி, நீங்கள் நிரப்பும்வரை வெறுமையாகவே இருக்கும். லினக்ஸ் கருநிரலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2003இல் ‘ஸ்பார்ஸ்’ என்ற பகுப்பாய்வுக் கருவியை எழுதினார். பில்ட் கட்டளையில் ‘சி’ என்ற மாறிக்கு 1 என்று மதிப்புக் கொடுத்தால் ஸ்பார்ஸ் ஓடும், கொடுக்காவிட்டால் ஓடாது.

லினக்ஸ் உதாரணத்தில் இன்னும் நுட்பமான ஒரு விஷயம் உண்டு. பயனருடைய நினைவகத்தைச் சுட்டும் முகவரிகளைக் கருநிரல் நேரடியாகத் தொடக் கூடாது. அதற்கென்று உள்ள வழிகளில்தான் தொட வேண்டும். ஆகவே அத்தகைய முகவரிகளின் மீது ‘இது பயனருடையது’ என்ற குறிப்பை நிரலாளர்கள் எழுதிவைக்கிறார்கள். ஸ்பார்ஸ் அதைப் படித்து, மீறினால் கண்டிக்கும். ஸ்பார்ஸ் ஓடாத சாதாரண பில்டில் அந்தக் குறிப்பு வெற்றுச் சொல்லாகக் கரைந்துபோகும்படி நெடுங்காலம் ஏற்பாடு இருந்தது. கவனமாக எழுதப்பட்ட எச்சரிக்கை, படிக்கப்படாமலே போகும். பிறகு என்ன நடந்தது? இன்டெல் நிறுவனம் நடத்தும் ஒரு தானியங்கி, அனுப்பப்படும் மாற்றங்களை எடுத்து ஸ்பார்ஸை ஓட்டி, புதிதாக வந்த புகார்களை எழுதியவருக்கே மின்னஞ்சலில் அனுப்பும் வழக்கம் வந்தது. அதாவது, மனிதர்களின் விருப்பத்துக்கு விடப்பட்ட ஒன்றை, யாருடைய விருப்பத்தையும் கேட்காத ஓர் இயந்திரம் எடுத்துச் செய்ய வேண்டியிருந்தது. ‘விருப்பம்’ என்ற ஏற்பாடு போதவில்லை என்பதற்கு அந்தச் சமூகமே எழுதிக்கொடுத்த சாட்சியம் இது.

*

போதாமல் போனால் என்ன ஆகும்?

2014 பிப்ரவரி 21 அன்று ஆப்பிள் நிறுவனம் ஐஃபோன்களுக்கு அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், கடவுச்சொல் என்று நாம் அனுப்பும் எதுவும் சரியான சேவையகத்துக்குத்தான் போகிறது என்பதை உறுதிசெய்யும் பகுதியில் ஒரு பிழை. சேவையகம் தருகிற கையொப்பத்தைச் சோதிக்க வேண்டிய செயற்கூறு, சோதனையை முடிக்காமலே ‘சரி’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. பொது இடத்து வைஃபையில் நடுவே உட்கார்ந்திருக்கும் ஒருவன் தன்னையே வங்கி என்று சொல்லிக்கொள்ள முடியும், கைபேசி நம்பும். ஐஓஎஸ் 7க்கு மட்டுமின்றி, 2012இல் வந்த ஐஓஎஸ் 6க்கும் திருத்தம் தேவைப்பட்டது. மேக் கணினிகளுக்கான திருத்தம் வர மேலும் நான்கு நாட்கள் ஆயின.

பிழை இதுதான்: ‘கோட்டு ஃபெயில்’ என்ற ஒரு வரி அடுத்தடுத்து இருமுறை எழுதப்பட்டிருந்தது. ‘பிழை ஏற்பட்டால் கடைசிப் பகுதிக்குத் தாவு’ என்பது முதல் வரி. அது நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. அதன் நகலான இரண்டாவது வரி, பார்வைக்கு முதல் வரியின் கீழே அதே அளவு உள்தள்ளி நின்றாலும், எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாதது. ஆகவே எப்போதும் தாவும். அதற்குக் கீழே எழுதப்பட்டிருந்த இறுதிச் சோதனை ஒருபோதும் ஓடாது. தாவும் நேரத்தில் பிழை எதுவும் பதிவாகாததால் விடை ‘வெற்றி’ என்று வரும்.

மனிதக் கண் இதைத் தவறவிட்டது இயல்பு. கவிதை வாசிப்பவர்களுக்கே தெரியும், அடுத்தடுத்து வந்த ஒரே சொல்லை மூளை ஒன்றாகத்தான் படிக்கும். இயந்திரத்துக்கு இது குழந்தை விளையாட்டு. ‘இந்த வரிகளை எந்த வழியிலும் எட்ட முடியாது’ என்று கண்டுபிடிப்பது நிலைப் பகுப்பாய்வின் அரிச்சுவடி. கிளாங் கம்பைலரில் அந்தச் சோதனை அப்போதே இருந்தது. ஆனால் தனியாகக் கேட்டால்தான் ஓடும். ‘எல்லா எச்சரிக்கைகளும்’ என்று பொருள்படும் ‘வால்’ என்ற தேர்வைப் போட்டாலும் அது சேராது. ‘ஆல்’ என்பது எல்லாம் அல்ல என்பதனால் ‘எவ்ரிதிங்’ என்று இன்னொரு தேர்வை அந்தக் கம்பைலரில் வைத்திருக்கிறார்கள் என்றால் இந்தத் துறையின் மொழி நேர்மையை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

ஜிசிசி கம்பைலரின் கதை இன்னும் விசித்திரம். அங்கும் இதே சோதனைக்கு ஒரு தேர்வு இருந்தது. பதிப்புக்குப் பதிப்பு வேறுவேறு விடை தருகிறது என்பதால் 2010இல் வந்த 4.5 பதிப்பில் சோதனையை நீக்கினார்கள். தேர்வின் பெயரை மட்டும் விட்டுவைத்தார்கள். அதைப் போட்டால் கம்பைலர் மறுக்காது, எச்சரிக்காது, எதுவும் செய்யாது. சுவரில் சுவிட்ச் இருக்கிறது. உள்ளே கம்பி இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை இதைவிடத் துல்லியமாகச் செய்துகாட்ட முடியாது.

இந்த வகைத் தவறு 2016இல் ஜிசிசி 6 வந்தபோது ‘வால்’ தொகுப்புக்குள்ளேயே ஓர் எச்சரிக்கையாகச் சேர்ந்தது: உள்தள்ளல் ஒன்று சொல்கிறது, நிரல் வேறொன்று செய்கிறது என்ற எச்சரிக்கை. கண்கெட்ட பிறகு வந்த சூரிய நமஸ்காரம்தான். என்றாலும் சேர்ந்த இடத்தைக் கவனியுங்கள். கேட்காமலே கிடைக்கும் வரிசைக்கு மிக அருகில்.

*

‘கருவி நன்றாக இருந்தால் தானாகவே பயன்படுத்துவார்கள்’ என்பது அடுத்த வாதம். கேட்க இனிமையாக இருக்கிறது. இதற்கு இரண்டு பெரும் நிறுவனங்கள் தங்கள் சொந்த அனுபவத்தை வெளியிட்டு விடை சொல்லியிருக்கின்றன.

ஃபேஸ்புக் ‘இன்ஃபர்’ என்ற பகுப்பாய்வுக் கருவியை முதலில் இரவில் ஓடவிட்டது. கிடைத்த பிழைப் பட்டியலை நிரலாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. திருத்தப்பட்டவை ஏறத்தாழ பூஜ்யம். பிறகு அதே கருவியை, நிரலாளர் ஒரு மாற்றத்தை மதிப்பாய்வுக்கு அனுப்பும் தருணத்தில் ஓடும்படி இடம் மாற்றினார்கள். திருத்த விகிதம் 70 விழுக்காட்டைத் தாண்டியது. கருவி மாறவில்லை, அதன் கூர்மை மாறவில்லை, பொய் எச்சரிக்கைகளின் அளவும் மாறவில்லை. நின்ற இடம் மட்டும் மாறியது. 2019இல் அவர்கள் எழுதிய கட்டுரையில் இது வெளிவந்தது.

கூகுளின் கதையும் இதுவே. 2006இல் ‘ஃபைண்ட்பக்ஸ்’ என்ற ஜாவா பகுப்பாய்வுக் கருவியை ஒவ்வோர் இரவும் ஓட்டி, விடைகளை ஒரு தனிப் பலகையில் வைத்தார்கள். வேண்டுபவர் வந்து பார்க்கலாம். அதிகம் பேர் வரவில்லை. 2009 மே மாதத்தில் ஒரு வாரம் ஒதுக்கி நூற்றுக்கணக்கான பொறியாளர்களை உட்கார வைத்தார்கள். 9,473 எச்சரிக்கைகளில் 3,954ஐப் பரிசீலித்தார்கள். அவற்றில் 1,746 பிழை என்று பதிவு செய்யும் அளவுக்குத் தகுதியானவை. திருத்தப்பட்டவை 640. பின்னர் ‘எரர் ப்ரோன்’ என்ற கருவியைக் கம்பைலரோடு பிணைத்தார்கள். பிழை என்றால் பில்ட் நின்றுவிடும். அங்கே எடுத்த கணிப்பில், கம்பைல் செய்யும்போதே காட்டப்பட்டவற்றில் 74 விழுக்காட்டை நிரலாளர்கள் ‘உண்மையான பிரச்சினை’ என்று ஏற்றார்கள். ஏற்கெனவே களஞ்சியத்தில் சேர்ந்துவிட்ட நிரலில் கண்டவற்றில் அப்படி ஏற்றது 21 விழுக்காட்டையே.

இந்தக் கடைசி எண்ணிக்கை எனக்கு முக்கியமாகப் படுகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது சுட்டினால் பிழை பிழையாகத் தெரிகிறது. எழுதி முடித்து எழுந்துபோன பிறகு சுட்டினால் அது குறைகூறலாகத் தெரிகிறது. மெய்ப்பில் கண்ட பிழையைத் திருத்தும் ஆசிரியரே, புத்தகம் வந்த பிறகு சுட்டினால் அது தன் நடை என்று வாதாடுவதை நாம் பார்த்ததில்லையா? தமிழ்ப் பதிப்புலகம் அறிந்தவர்களுக்கு இன்னொன்றையும் விளக்க வேண்டியதில்லை. ‘நேரம் இருந்தால் மெய்ப்புப் பார்க்கலாம்’ என்று சொல்லப்படும் இடத்தில் நேரம் ஒருபோதும் இருப்பதில்லை.

*

எதிர்த்தரப்பிடம் வலுவான வாதங்கள் இருக்கின்றன. மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, ‘புலி வருது’ கதை. ஒரு நிரல் ஓடும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பதை எல்லா நிரல்களுக்கும் பிழையின்றிச் சொல்லக்கூடிய பொது முறை இருக்க முடியாது என்பது 1953இல் ரைஸ் நிறுவிய தேற்றம். ஆகவே எந்தக் கருவியும் ஒன்று சிலவற்றைத் தவறவிடும், அல்லது சிலவற்றைப் பொய்யாகச் சுட்டும். பொய்கள் பெருகினால் உண்மையும் கேட்கப்படாது. ‘கவரிட்டி’ என்ற வணிகக் கருவியை உருவாக்கியவர்கள் 2010இல் எழுதிய கட்டுரையில், பொய் எச்சரிக்கைகள் 30 விழுக்காட்டைத் தாண்டினால் மக்கள் கருவியையே புறக்கணிக்கத் தொடங்குகிறார்கள் என்று தங்கள் அனுபவத்தைச் சொல்கிறார்கள். உண்மை. ஆனால் இது எந்தெந்தச் சோதனைகளைக் கட்டாயமாக்குவது என்ற கேள்விக்கான விடை. எதையுமே கட்டாயமாக்காதே என்பதற்கான விடை அல்ல. பொய் சொல்லும் காவலாளியை வேலையிலிருந்து நீக்கலாம். காவலே வேண்டுபவர் பார்த்துக்கொள்ளட்டும் என்பது நிர்வாகம் ஆகாது.

இரண்டாவது, கட்டாயம் உடைக்கும். 2021 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் 5.15க்கான பணிகளின்போது, எல்லா எச்சரிக்கைகளையும் பிழையாகக் கருதும் முறையை அனைத்துப் பில்டுகளுக்கும் இயல்பாக்கினார். பற்பல கட்டமைப்புகளில் பில்ட் நின்றது. சில நாட்களுக்குள் அவர் அதைச் சோதனைக்காக நடக்கும் பில்டுகளுக்கு மட்டும் என்று சுருக்க வேண்டியிருந்தது. இதைக் காட்டி ‘பார்த்தீர்களா’ என்பார்கள். பார்த்தேன். அவர் பின்வாங்கிய தூரத்தையும் பார்த்தேன். ‘வேண்டுமானால்’ வரைக்கும் அவர் போகவில்லை. நிரலை வளர்ப்பவர்களுக்கும் சோதிப்பவர்களுக்கும் ஒரு விதி, அதை வாங்கித் தன் கணினியில் கம்பைல் செய்துகொள்பவருக்கு வேறு விதி என்ற வேறுபாட்டுக்கு வந்து சேர்ந்தார். நியாயமான வேறுபாடு. நாளை வரப்போகும் கம்பைலர் புதிதாக எதைக் குறை சொல்லும் என்பதற்கு இன்று நிரலைப் பெற்றுக்கொண்டவர் பொறுப்பாளி ஆக முடியாது.

மூன்றாவது வாதமே என்னை மிகவும் யோசிக்க வைப்பது: கீழ்ப்படிதலின் ஆபத்து. 2006இல் டெபியன் லினக்ஸில் ஓபன்எஸ்எஸ்எல் தொகுப்பைப் பராமரித்தவர், தொடக்க மதிப்பில்லாத நினைவகம் பயன்படுத்தப்படுகிறது என்று ‘வால்க்ரைண்ட்’ போன்ற கருவிகள் முறையிட்டதால் இரண்டு வரிகளை நீக்கினார். அவற்றில் ஒன்று, மறைகுறியீட்டுச் சாவிகளுக்கான தற்போக்குத் தன்மையைக் கலக்கும் உயிர்நாடியான வரி. விளைவாக, சாவிகளின் தொடக்க வித்தாக எஞ்சியது செயல்முறை எண் மட்டுமே, 32,768 சாத்தியங்கள். 2008 மே 13 அன்று விஷயம் வெளியானபோது, இடைப்பட்ட காலத்தில் டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் உருவான சாவிகளை எல்லாம் குப்பையில் போட வேண்டியிருந்தது. வால்க்ரைண்ட் நிரலை ஓடவிட்டுச் சோதிக்கும் கருவி, நிலைப் பகுப்பாய்வு அல்ல. ஆனால் பாடம் ஒன்றே. எச்சரிக்கையை வாயடைப்பது வேறு, எச்சரிக்கைக்குப் பதில் சொல்வது வேறு.

இதற்கு நேர் எதிர்ப்புறத்தில் ஹார்ட்ப்ளீட் இருக்கிறது. அதே ஓபன்எஸ்எஸ்எல், 2014 ஏப்ரல் 7 அன்று வெளியானது, ஒரு வேண்டுகோளுக்கு 64 கிலோபைட் வரை சேவையகத்தின் நினைவகத்தைக் கசியவிட்ட பிழை. அதைக் கவரிட்டி முன்கூட்டிப் பிடிக்கவில்லை. பிழை தெரிந்த பிறகே அவ்வகையைப் பிடிக்கும் உத்தியைச் சேர்த்தார்கள். ஆக, கருவி எல்லாவற்றையும் பிடிக்கும் என்று நான் சொல்லவில்லை. பிடிக்கக்கூடியதைப் பிடிக்க விடுங்கள் என்கிறேன். அம்மைக்குத் தடுப்பூசி போட்டவருக்கும் கால் முறியலாம். அதனால் தடுப்பூசியை யாரும் பழிப்பதில்லை.

*

அப்படியானால் என்னதான் செய்ய வேண்டும்? கற்பனை செய்யத் தேவையில்லை; செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள்.

கோ மொழியில் ‘வெட்’ என்ற பகுப்பாய்வுக் கருவி ஆரம்பம் முதலே தனியாக இருந்தது. 2018 பிப்ரவரியில் வந்த 1.10 பதிப்பில், சோதனைகளை ஓட்டும் கட்டளைக்குள்ளேயே அதைச் சேர்த்தார்கள். முழுவதையும் அல்ல; ஏறக்குறைய ஒருபோதும் பொய் சொல்லாத சில சோதனைகளை மட்டும். அவற்றில் பிழை கண்டால் உங்கள் சோதனைகள் ஓடவே மாட்டா. வேண்டாம் என்பவர் ‘வெட்டை நிறுத்து’ என்று வெளிப்படையாகக் கட்டளையில் எழுத வேண்டும். இந்த ஏற்பாட்டில் சுதந்திரம் குறையவில்லை. ‘வேண்டுமானால்’ இருந்த இடத்தில் ‘வேண்டாமானால்’ வந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் மிகப் பெரிது. முன்னதில் மறதி பிழையின் பக்கம் நிற்கிறது. பின்னதில் மறதி பாதுகாப்பின் பக்கம் நிற்கிறது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் நெறிகள் சில. கட்டாயச் சோதனைகள் குறைவாக இருக்கட்டும். ஒவ்வொன்றும் நிரலாளரின் நம்பிக்கையைச் சம்பாதித்த பிறகே உள்ளே வரட்டும். பழைய நிரலில் ஏற்கெனவே கிடக்கும் ஆயிரக்கணக்கான எச்சரிக்கைகளை முதல்நாளே தலையில் கொட்ட வேண்டாம். கூகுள் செய்தது போலத் தொகுத்துத் திருத்திவிட்டுச் சோதனையை இயக்கலாம். அல்லது இருப்பவற்றைக் கணக்கில் குறித்துக்கொண்டு, புதிதாக எழுதப்படுவதை மட்டும் கேள்வி கேட்கலாம். நேரம் பிடிக்கும் ஆழ்ந்த பகுப்பாய்வைப் பில்டில் திணிக்காமல், மாற்றம் மதிப்பாய்வுக்குப் போகும் இடத்தில் வைக்கலாம். இன்ஃபர் ஒவ்வொரு செயற்கூற்றையும் தனித்தனியே சுருக்கி வைத்துக்கொண்டு, மாறியதை மட்டும் மறுபடி ஆராய்கிறது. 1976இல் மேக் சொன்ன அதே யோசனைதான். எல்லாவற்றுக்கும் மேலாக, விலக்கு அந்த வரியின் பக்கத்திலேயே, ஏன் விலக்கு என்ற காரணத்தோடு எழுதப்பட வேண்டும். டெபியனில் நீக்கப்பட்ட வரிகளுக்குப் பதிலாக, ‘கருவி இதைக் குறை சொல்கிறது, ஆனால் இது வேண்டுமென்றே எழுதப்பட்டது’ என்ற ஒரு குறிப்பு நின்றிருந்தால் அந்தச் சாவிகள் பிழைத்திருக்கும்.

*

கடைசியாக, இந்த விவாதங்களில் யாரும் கேட்காத ஒரு கேள்வி. விருப்பம் யாருடையது?

‘நிரலாளரின் சுதந்திரம்’ என்று பேசுகிறார்கள். நல்லது. தன் கணினியில் தனக்காக ஒருவர் எழுதும் நிரலுக்கு அந்தச் சுதந்திரம் முழுமையாக உண்டு. ஆனால் 2014 பிப்ரவரியில் ரயில் நிலையத்து வைஃபையில் தன் கணக்கைத் திறந்து பார்த்த ஐஃபோன்காரரிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. எட்ட முடியாத வரிகளைச் சோதிக்கட்டுமா என்று அவருடைய திரையில் ஒரு கேள்வி தோன்றவில்லை. டெபியன் கணினியில் சாவி உருவாக்கி அதை நம்பிக் கதவைப் பூட்டியவரிடமும் கேட்கவில்லை. தேர்வு செய்யும் உரிமை ஒருவரிடம், விளைவைச் சுமக்கும் கடமை வேறொருவரிடம் என்று பிரிந்துவிட்ட பிறகு, அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைப்பது சொல்லுக்குச் செய்யும் அநியாயம்.

நிரலாளர்களும் எழுத்தாளர்களே என்று மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். நிரலும் வாசிக்கப்படுவதற்காக எழுதப்படுவதே என்பதால் அதில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் ஒரு வேறுபாட்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மோசமாக மெய்ப்புப் பார்க்கப்பட்ட நாவலை வாசகர் மூடி வைத்துவிடலாம். மோசமாக மெய்ப்புப் பார்க்கப்பட்ட நிரலை, அதைப் பயன்படுத்துபவர் படிப்பதே இல்லை. அதை நம்பித் தன் பணத்தையும் ரகசியத்தையும் அதன் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்த நம்பிக்கையின் மறுமுனையில் உட்கார்ந்திருப்பவர், அடுத்த முறை பில்ட் கோப்பில் ஒரு சோதனையைச் சேர்த்துவிட்டு அதன் பக்கத்தில் ‘வேண்டுமானால்’ என்று எழுதப் போகும்போது, ஒரு கணம் கையை நிறுத்தட்டும். சோதனை தகுதியற்றது என்றால் நீக்கிவிடட்டும். தகுதியுள்ளது என்றால் அந்தச் சொல்லை நீக்கிவிடட்டும்.